நான்கு நிமிடம் எட்டு விநாடி

படித்துவிட்டீர்கள். மறுக்க வேண்டாம். பஸ்ஸில் பக்கத்து ஆள் மடியில் நோட்டு விரிந்து கிடந்தால் கண் போகத்தான் செய்யும், எனக்கும் போகும். "துண்டு 31. இளையராணி கதவைத் திறக்கிறாள். கீல். 88 விநாடி." இதைப் படித்ததும் நீங்கள் லேசாகத் தள்ளி உட்கார்ந்தீர்கள், கவனித்தேன். பயப்பட ஒன்றுமில்லை சார். நான் கல்லூரியில் வரலாறு நடத்துகிறவன். பெயர் திருமேனிநாதன். இருபத்தேழு வருட சர்வீஸ். பரமக்குடி தாண்டி இப்போதுதான் கால் மணி ஆகிறது, மதுரைக்கு இன்னும் நேரம் இருக்கிறது. உங்கள் சட்டைப் பையில் பேனா இருக்கிறது. பேனா வைத்திருக்கிறவர்களிடம் விஷயத்தைச் சொல்லலாம் என்பது என் அனுபவம்.

நியாயம் கேட்கிறேன் என்று நினைக்காதீர்கள். நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். முடிவு உங்களுடையது.

'திரைப்படங்களில் வரலாற்றுப் பிழைகள்' என்று ஒரு விருப்பப் பாடம். நான் எழுதியது. பாடத்திட்டம் மட்டும் பதினொரு பக்கம், அடிக்குறிப்பு தனி. இருபத்தாறு வருடம் யாரோ எழுதிய பாடத்தை நடத்தினேன் சார். பாபர் எந்த வருடம் வந்தார், எந்த வருடம் போனார். இந்த ஒன்றுதான் நானே யோசித்து, நானே எழுதி, பல்கலைக்கழகத்துக்கு நாலு தடவை நடந்து வாங்கியது. இது போனால் எனக்கு மறுபடியும் பாபர்தான். அதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் செமஸ்டரில் ஒன்பது பேர் சேர்ந்தார்கள். அதில் இரண்டு பேர் அறை மாறி வந்தவர்கள். கூச்சத்தில் எழுந்து போகவில்லை.

அந்தச் சமயத்தில் எங்கள் முதல்வர் ஜெசிந்தா மேடம் ஒரு சுற்றறிக்கை விட்டார். வேறு ஒரு துறையில் யாரோ வகுப்பில் முழுப் படத்தை ஓடவிட்டுவிட்டு மேசையில் தலைவைத்துத் தூங்கிவிட்டாராம். அதனால்: "வகுப்பில் முழுத் திரைப்படம் காட்டக் கூடாது. பாடத்துக்கு இன்றியமையாத துண்டுகளை மட்டும், ஒவ்வொன்றும் ஒன்றரை நிமிடத்துக்கு மிகாமல் காட்டலாம். முழுப் படமும் காட்டப்பட்டதாகத் தெரிந்தால் அந்தப் பாடம் நீக்கப்படும்." மற்றவர்கள் முணுமுணுத்தார்கள். எனக்கோ அந்த வாசகம் பிடித்துவிட்டது. இன்றியமையாத துண்டு! எவ்வளவு சரியான சொல்! இரண்டு தரம் படித்து, அதிலிருந்த இரண்டு ஒற்றுப்பிழையைச் சிவப்பு மையில் திருத்தி முதல்வருக்கே திருப்பி அனுப்பினேன். அதற்கு அவர் பதில் போடவில்லை.

இனி படம். அதன் பெயரைச் சொல்ல மாட்டேன், சொன்னாலும் உங்களுக்குத் தெரியாது. ஆயிரம் வருடத்துக்கு முந்தைய கதை. தியேட்டரில் நாலு நாள் ஓடியது, தொலைக்காட்சிக்காரர்கள்கூட சீண்டவில்லை. மதுரையில் ஒரு கடையை மூடும்போது அந்த டிவிடி அகப்பட்டது. அசல் டிவிடி சார், ரசீது இருக்கிறது. இரண்டு மணி இருபத்திரண்டு நிமிடம். நான் பார்த்த படங்களிலேயே அதிகப் பிழை உள்ள படம். பெயர் ஓடும்போதே பின்னால் செண்டுமல்லி மாலை தொங்குகிறது. செண்டுமல்லி எங்கிருந்து வந்தது? மெக்சிகோ. அரண்மனைச் சமையலறையில் தக்காளி, மிளகாய், வேர்க்கடலை. ஒருவன் பப்பாளி நறுக்குகிறான். போர்ச்சுகீசியர் கப்பல் ஏற இன்னும் ஐந்நூறு வருடம் இருக்கும்போது இவன் பப்பாளி நறுக்குகிறான்! எனக்கு அன்று தூக்கமே வரவில்லை, சந்தோஷத்தில்.

துண்டு எடுப்பது என்றால் லேசாக நினைக்காதீர்கள். டிவிடிக்குள் படம் ஒரே படமாக இருக்காது. ஐந்து பெரிய கோப்புகளாக உடைத்து வைத்திருப்பான். உடைக்கிற இடத்தில் அவனுக்கு ஈவிரக்கம் கிடையாது. அரசன் "உன்னை" என்பான், கோப்பு முடிந்துவிடும். "மன்னித்தேன்" என்பதற்கு அடுத்த கோப்புக்குப் போக வேண்டும். இந்த ஐந்தையும் கம்ப்யூட்டரில் இறக்கி, ஒட்டி, தொடங்கும் நொடி முடியும் நொடி குறித்து, வெட்டி, அப்புறம் எங்கள் கல்லூரிக் கம்ப்யூட்டர் சாப்பிடுகிற வடிவத்துக்கு மாற்ற வேண்டும். அது எல்லாவற்றையும் சாப்பிடாது. அந்த மென்பொருளுக்கு நூற்றுப்பன்னிரண்டு பக்கம் உதவிக் குறிப்பு உண்டு. அதை அட்டை முதல் அட்டை வரை படித்தவன் ராமநாதபுரம் மாவட்டத்தில் நான் ஒருவன்தான். பக்கம் எண்பத்தாறில் ஒரு பிழைகூட இருக்கிறது. எழுதிப் போட்டேன்.

முதல் துண்டு போட்டபோது வாய் அசைந்து அரை விநாடி கழித்துக் குரல் வந்தது. இரண்டாவதில் அகலத்தைத் தப்பாகக் கொடுத்துவிட்டேன், எல்லோரும் பூசணிக்காய் மாதிரி உப்பிவிட்டார்கள். பின் வரிசையிலிருந்து ஒரு குரல்: "சார், அந்தக் காலத்துல எல்லாருமே இவ்வளவு குண்டா சார்?"

காளீஸ்வரி. அந்தப் பெண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். இருபது வயது. கமுதிப் பக்கம். நான் இருபத்தேழு வருடத்தில் பார்த்த மாணவர்களிலேயே கூர்மையான கண் அவளுடையதுதான். முப்பதாவது துண்டு முடிகிறது. இளையராணி ராத்திரியில் விளக்கோடு நடந்து போய் ஒரு கதவில் கையை வைக்கிறாள். அவள் கையில் இருப்பது கண்ணாடிக் கூண்டு விளக்கு, பிழை அதுதான். நான் அதை விளக்கிவிட்டு ப்ரொஜெக்டரை அணைக்கப் போனேன்.

"சார்," என்றாள் காளீஸ்வரி. "கதவு சார்."

"கதவுக்கு என்ன?"

"அந்தக் காலத்துக் கதவு மரக் குடுமியிலதானே சார் சுத்தும்? இதுல கீல் வச்சிருப்பாங்களோன்னு ஒரு சந்தேகம்."

"துண்டில் தெரியவில்லையே அம்மா."

"தொறந்தாத்தானே சார் தெரியும்?"

எனக்கு மேலெல்லாம் சிலிர்த்துவிட்டது சார். கீல்! கதவுக்குப் பின்னால் எவன் நிற்கிறான், ராணி ஏன் போகிறாள் என்று கேட்கிற வயதில் இந்தப் பெண் கீலைக் கேட்கிறாள். வீட்டுக்குப் போய் அந்த எண்பத்தெட்டு விநாடியை வெட்டினேன். மறுநாள் போட்டேன். கீல்தான்! பித்தளைக் கீல், நாலு திருகாணியோடு. வகுப்பே கைதட்டியது. கதவுக்குப் பின்னால் சேனாபதி நின்றுகொண்டிருந்தான், அது வேறு விஷயம்.

அவன்மேல் ராஜத்துரோகக் குற்றம் சுமத்தித் தேடிக்கொண்டிருக்கிறார்கள். இளையராணிக்கு மட்டும் உண்மை தெரியும். இது கதை, நமக்குத் தேவையில்லை. நான் சொல்ல வருவது, அன்றைக்கு வகுப்பு பற்றிக்கொண்டது. "சார், சேனாபதி தோள்பட்டையில ஒரு வட்டத் தழும்பு தெரிஞ்ச மாதிரி இருந்துச்சு. அடுத்தாப்ல திரும்பி நின்னான்னா நல்லாத் தெரியும்." இது சிக்கந்தர் என்கிற பையன். வெட்டிப் பார்த்தால் அம்மைத் தடுப்பூசித் தழும்பு! ஆயிரம் வருடத்துக்கு முன்னால்! "சார், பாட்டுல எங்கேயோ வயலின் கேக்குது. எந்த இடம்னு புடிபடல. முழுசாக் கேட்டாத்தான்..." என்றாள் காளீஸ்வரி. பாட்டு நாலரை நிமிடம். மூன்று துண்டாக வெட்டினேன், சரியாகத் தொண்ணூறு தொண்ணூறு விநாடி. மூன்றிலும் வயலின்.

சிலர் பென் டிரைவைக் கொண்டுவந்து படத்தை அப்படியே தரச் சொன்னார்கள். மறுத்துவிட்டேன். டிவிடி என் பீரோவில், சாவி என் பூணூலில், அதாவது என் மனைவி கிண்டலாக அப்படிச் சொல்லுவாள், எனக்குப் பூணூல் கிடையாது, அரைஞாணில் கட்டியிருந்தேன். விளக்கம் இல்லாமல் துண்டைக் கொடுப்பது சீட்டு இல்லாமல் மருந்து கொடுப்பது மாதிரி இல்லையா?

அடுத்த செமஸ்டரில் அறுபத்தொரு பேர், பழைய ஒன்பது பேரும் மறுபடி வந்து உட்கார்ந்ததையும் சேர்த்து. வருகைப் பதிவு நூற்றுக்கு நூறு. பஸ் ஓடாத நாளன்று ஒருவன் இளையான்குடியிலிருந்து சைக்கிள் மிதித்து வந்தான். முதலிலிருந்து தொடங்கினேன், ஒரு நாளைக்கு இரண்டு துண்டு. வகுப்பு விட்ட பிறகும் வராந்தாவில் நின்று வாதம் செய்வார்கள். "சேனாபதி துரோகி இல்லடா, ஓலையை மாத்துனது மந்திரிதான்." "ஆதாரம் இருக்கா?" ஆதாரம் இருக்கா என்று கேட்கிறான் சார்! வரலாற்று ஆய்வு என்பதே அந்த ஒரு கேள்விதானே. கேன்டீனில் டீ போடுகிற அந்தோணி என்னைப் பார்த்து, "சார், அந்தச் சேனாபதி சிறையிலேர்ந்து தப்பிச்சானா?" என்று கேட்டான். என் பாடம் கேன்டீன் வரைக்கும் போய்விட்டது என்று வீட்டில் சொன்னேன். என் மனைவி ஒரு மாதிரியாகச் சிரித்தாள். அவளுக்கு என்ன தெரியும், அவள் கணக்கு டீச்சர்.

தேர்வில் 'பத்தாம் நூற்றாண்டின் உணவுமுறை பற்றி எழுதுக' என்று கேட்டிருந்தேன். ஒரு பெண் எட்டுப் பக்கம் எழுதியிருந்தாள். அதில் ஏழரைப் பக்கம் இளையராணி சேனாபதிக்குச் சிறையில் சோறு கொண்டுபோன கதை. சோற்றில் மிளகாய் இருந்தது பிழை என்று கடைசி வரியில் எழுதியிருந்தாள். பதினைந்துக்குப் பன்னிரண்டு போட்டேன். நடை நன்றாக இருந்தது.

இவ்வளவு நன்றாகப் போகும்போது யாருக்காவது வயிறு எரியும் அல்லவா? வணிகவியல் துறைத்தலைவர் துரைச்சிங்கத்துக்கு எரிந்தது. அதே நேரத்தில் அவருக்குக் கணக்குத் தணிக்கைப் பாடம். அவர் பிள்ளைகள் என் ஜன்னலில் தொங்கினார்கள். அது என் குற்றமா?

வராந்தாவில் என்னை மறித்தார். "திருமேனிநாதன் சார், நீங்க நடத்துறது வகுப்பா, டாக்கீஸா? பதினாலாம் ரூம்ல தினமும் விசில் சத்தம்."

"கண்டுபிடிப்பின் மகிழ்ச்சி சார் அது."

"என்னத்தைக் கண்டுபிடிச்சாங்க?"

"நேற்று உருளைக்கிழங்கு."

அவர் அங்கிருந்து நேராக முதல்வர் அறைக்குப் போய்விட்டார். முழுப் படத்தையும் காட்டிவிட்டேன் என்று எழுத்திலேயே புகார்.

மூன்று பேர் விசாரணைக் குழு. ஜெசிந்தா மேடம், வேதியியல் துறைத்தலைவர் வாஹித் சார், அப்புறம் துரைச்சிங்கமே. புகார் கொடுத்தவரே நீதிபதியா என்று நான் கேட்கலாம். கேட்கவில்லை. இந்தப் பதிவேட்டைக் கையில் எடுத்துக்கொண்டு போய் மேசைமேல் வைத்தேன். இதே நோட்டுத்தான். தொண்ணூற்று நாலு துண்டு. ஒவ்வொன்றுக்கும் எண், தொடக்கம், முடிவு, பிழை. ஒன்றுகூடத் தொண்ணூறு விநாடியைத் தாண்டாது.

துரைச்சிங்கம் கால்குலேட்டரை எடுத்தார். அவருக்கு அது உடம்போடு ஒட்டியது. கூட்டினார். அவர் முகம் மலர்ந்தது. "மேடம், மொத்தம் நூத்து முப்பத்தேழு நிமிஷம், அம்பத்திரெண்டு செகண்ட். படமே நூத்து நாப்பத்திரெண்டு நிமிஷம்தான்!"

"பார்த்தீர்களா," என்றேன், "நான்கு நிமிடம் எட்டு விநாடி காட்டப்படவில்லை. அது முழுப் படம் ஆகாது."

"ஏன் சார் அதை மட்டும் விட்டீங்க?" என்று கேட்டார் முதல்வர்.

"அதில் பிழை இல்லை மேடம். கடைசிக் காட்சி. போர்க்களம், வெட்டவெளி. நாற்பது தடவை பார்த்துவிட்டேன். உடை சரி, வாள் சரி, ஓலை சரி. பிழையில்லாத துண்டு பாடத்துக்கு இன்றியமையாததா? இல்லை. உங்கள் சுற்றறிக்கைப்படி அதைக் காட்டக் கூடாது."

வகுப்பில் இதற்காக என்னிடம் கெஞ்சாதவர்கள் இல்லை, அது வேறு கதை. காளீஸ்வரி மூன்று நாள் தினமும் ஒரு பிழையைச் சொல்லிக்கொண்டு வந்தாள். மேகம் தப்பாக இருக்கலாம் என்றாள். குதிரையின் லாடம் என்றாள். எல்லாவற்றையும் சோதித்தேன். ஒன்றும் தேறவில்லை. உதட்டைப் பிதுக்கிக்கொண்டு போய்விட்டாள், பாவம். ஆராய்ச்சியில் ஏமாற்றம் இருக்கத்தான் செய்யும்.

சாம்பிளுக்கு இரண்டு துண்டு பார்த்தால் போதும் என்றார் முதல்வர். அவர் அறைக் கம்ப்யூட்டரிலேயே போட்டேன். பதினேழு, பதினெட்டு. ஓலையை யாரோ மாற்றிவைக்கிற இடம், முகம் தெரியாது. முடிந்தது. யாரும் எழுந்திருக்கவில்லை.

வாஹித் சார் தொண்டையைச் செருமிக்கொண்டார். "பத்தொன்பதையும் சரிபாத்துடறது நல்லது மேடம். விசாரணைன்னு வந்தாச்சு."

"ஆமா," என்றார் மேடம். "ஆனா முன்னாடி என்னன்னு தெரியாம எப்படி? ஒண்ணுலேர்ந்தே போடுங்க."

எவ்வளவு முறையான விசாரணை பாருங்கள்! மூன்று நாள், மதியம் இரண்டிலிருந்து மாலை வரை. ஒவ்வொரு துண்டுக்கும் நான் பிழையை விளக்கினேன். இரண்டாம் நாள் துரைச்சிங்கம் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, "ஜன்னலைச் சாத்துங்கப்பா, வெளிச்சம் அடிக்குது" என்றார். அவர்தான் எதிரி, ஆனால் அக்கறை இருந்தது. மேடம் போனை எடுத்துக் கீழே வைத்துவிட்டார். நான் குண்டூசி, திருகாணி என்று விளக்கும்போது மூவரும் சேர்ந்து "சரி சார், அடுத்தது" என்பார்கள். அவ்வளவு சீக்கிரம் புரிந்துகொண்டார்கள்.

தொண்ணூற்று நாலு முடிந்தது. சேனாபதி மண்டியிட்டிருக்கிறான். கழுத்தின்மேல் அரசனுடைய வாள். தூரத்தில் இளையராணி உண்மையான ஓலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடி வருகிறாள். அவள் முதுகில் ஓர் அம்பு. அங்கே முடிகிறது.

"ம், போடுங்க," என்றார் மேடம்.

"அவ்வளவுதான் மேடம்."

"என்ன அவ்வளவுதான்? அவ வந்து சேர்ந்தாளா இல்லையா?"

"அதில் பிழை இல்லை மேடம். நான் காட்ட முடியாது."

"யோவ்!" என்றார் துரைச்சிங்கம். மன்னிக்கவும், அதே சொல்தான் சொன்னார். "நாங்க விசாரணைக் குழுய்யா! பிழை இல்லைன்னு நாங்க பாக்க வேண்டாமா?"

"எழுத்தில் கொடுங்கள்."

மேடம் பச்சை மையில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அவர் அவ்வளவு வேகமாக எதையும் எழுதி நான் பார்த்ததில்லை. அதில் ஒரு பிழை இருந்தது, நேரம் கருதி விட்டுவிட்டேன். டிவிடியைப் போட்டேன்.

ராணி வந்து சேர்ந்தாள். ஓலையை அரசன் கையில் கொடுத்தாள். வாள் கீழே விழுந்தது. அவளால் நிற்க முடியவில்லை, ஒரு மரத்தில் சாய்ந்தபடியே சரிகிறாள். சேனாபதி ஓடிவந்து தாங்குகிறான். அவள் ஏதோ சொல்ல வாயெடுக்கிறாள். வாஹித் சார் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். துரைச்சிங்கம் கைக்குட்டையைத் தேடினார்.

"நிறுத்துங்கள்!" என்று கத்திவிட்டேன்.

மேடம் திடுக்கிட்டுப் போனார். "என்ன சார்?"

"மரம் மேடம்! மரத்தைப் பாருங்கள்!"

"சார், ராணி செத்துக்கிட்டிருக்கா சார்!"

"சாகட்டும் மேடம். எதில் சாய்ந்து சாகிறாள் என்று பாருங்கள். சீமைக் கருவேலம்!"

எழுந்து போய்த் திரையில் விரலை வைத்துக் காட்டினேன். "இது நம் நாட்டுக் கருவேலம் இல்லை. தென்னமெரிக்க மரம். வெள்ளைக்காரன் காலத்தில் விறகுக்காகக் கொண்டுவந்து விதைத்தது. ஆயிரம் வருடத்துக்கு முன்னால் இந்த மண்ணில் ஒரு முள்கூடக் கிடையாது. அவள் சாய மரமே இல்லை மேடம், பொத்தென்று விழுந்திருக்க வேண்டும்!"

நாற்பது தடவை பார்த்தும் எப்படி விட்டேன் என்று கேளுங்கள். நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். எங்கள் துறை ஜன்னலுக்கு வெளியே அதுதான் நிற்கிறது. வீட்டிலிருந்து கல்லூரி வரை இரண்டு பக்கமும் அதுதான். எங்கள் பக்கத்தில் மண் என்றால் அதன்மேல் அந்த மரம் இருக்கும், வானம் மாதிரி. மெக்சிகோவின் பூவைப் பிடித்த எனக்கு வீட்டு வாசல் முள் கண்ணில் படவில்லை. இதை நான் மறைக்கப் போவதில்லை. பதிவேட்டில் குறிப்பாகவே எழுதியிருக்கிறேன், பாருங்கள்: "ஆசிரியரின் கவனக்குறைவு."

மீதியை ஓடவிட்டு முடித்தார்கள். நான் பார்க்கவில்லை, மரத்தை வரைந்துகொண்டிருந்தேன்.

பிறகு மேடம் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, தயாராக இருந்த தாளைக் காட்டினார். தட்டச்சு செய்தே வைத்திருந்தார்கள். "முழுப் படமும் காட்டப்படவில்லை என்று குழு திருப்தியடைகிறது. பாடம் தொடரலாம்." கையெழுத்து மட்டும்தான் பாக்கி.

"பாடம் உங்களுக்குத்தான் சார்," என்றார். "ஒண்ணே ஒண்ணு. அந்த நாலு நிமிஷத்தை வகுப்புல காட்டாதீங்க."

"அதில் பிழை இருக்கிறதே மேடம்."

"இருக்கட்டும். நீங்க அந்த மரத்தைப் பாக்கலை. நாங்களும் பாக்கலை."

"பார்த்துவிட்டேனே."

வாஹித் சார் என் கையைப் பிடித்துக்கொண்டார். நல்ல மனிதர். "திருமேனி, காட்டினா முழுப் படமும் காட்டின கணக்காயிடும். அப்புறம் அவங்க என்ன செய்வாங்க, விதி அவங்க போட்டது. ஒரு முள்ளு மரத்துக்காக உம்ம பாடத்தைத் தொலைப்பீரா?"

துரைச்சிங்கம்கூட இறங்கி வந்தார். "சார், கதையோட முடிவை நான் வேணா பிள்ளைகளுக்கு வாயால சொல்லிடறேன். நீங்க பேசாம இருங்க."

முடிவா? முடிவைப் பற்றி யார் கேட்டது! அறுபத்தொரு பேரிடம் நான் மூன்று மாதமாக, "கடைசிக் காட்சியில் பிழை இல்லை" என்று அடித்துச் சொல்லியிருக்கிறேன். அது பொய். அவர்கள் அந்தப் பொய்யோடு பட்டம் வாங்கிப் போய்விடுவார்கள். நாளைக்கு எங்கேயாவது வாத்தியார் ஆவார்கள். சோழன் காலத்தில் சீமைக் கருவேலம் இருந்தது என்று சொல்லிக்கொடுப்பார்கள்.

பாபரை நினைத்துப் பார்த்தேன். மறுபடியும் அவர் எந்த வருடம் வந்தார், எந்த வருடம் போனார். கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருந்தது சார், பொய் சொல்ல மாட்டேன். பதினொரு பக்கமும் கண்முன்னால் வந்தது, அடிக்குறிப்புகளோடு.

அன்று வீட்டில் உட்கார்ந்து வெட்டினேன். எண்பத்து மூன்று, எண்பத்து மூன்று, எண்பத்திரண்டு விநாடி. சரியாக வந்தது.

மறுநாள் செமஸ்டரின் கடைசி வகுப்பு. செய்தி எப்படிப் போனதோ தெரியவில்லை, பதினாலாம் அறையில் கால் வைக்க இடமில்லை. ஜன்னலில் தணிக்கைப் பாடம் முழுவதும். கேன்டீன் அந்தோணி டீத்தூக்கோடு நின்றான். பின்னால் கதவோரம் வாஹித் சார். அவருக்குப் பக்கத்தில் துரைச்சிங்கம், பொறுப்பாக, கையில் கைக்குட்டையோடு. முதல்வர் வரவில்லை. வராந்தாவில் அவர் செருப்புச் சத்தம் கேட்டது, நின்றுவிட்டது.

"நான் ஒரு தவறு செய்துவிட்டேன்," என்று தொடங்கினேன். "கடைசிக் காட்சியில் பிழை இருக்கிறது."

அப்படி ஒரு ஆரவாரத்தை நான் கேட்டதில்லை. மேசையைத் தட்டினார்கள். விசில். சிக்கந்தர் பெஞ்சின்மேல் ஏறிவிட்டான். ஆசிரியர் தன் தவறை ஒப்புக்கொண்டால் மாணவர்கள் எவ்வளவு மதிக்கிறார்கள் என்று அன்றுதான் தெரிந்தது.

தொண்ணூற்றைந்து போட்டேன். அடுத்து தொண்ணூற்றாறு. ராணி மரத்தில் சாய்ந்ததும் நிறுத்தி, குச்சியை எடுத்து இலையமைப்பு, முள், காய், கப்பலில் வந்த வரலாறு எல்லாவற்றையும் விளக்கினேன். பத்து நிமிடம். "சார், ப்ளீஸ் சார், ப்ளீஸ்" என்று நாலாபக்கமும் குரல். ஆர்வம் தாங்கவில்லை அவர்களுக்கு. பிறகு தொண்ணூற்றேழு.

முடிந்து விளக்கைப் போட்டேன்.

வகுப்பே அழுதுகொண்டிருந்தது சார். மிகைப்படுத்தவில்லை. துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு, மேசையில் கவிழ்ந்துகொண்டு. அந்தோணி டீத்தூக்கைக் கீழே வைத்துவிட்டுச் சட்டையில் கண்ணைத் துடைத்தான். காளீஸ்வரி மேடைக்கு வந்தாள். கண் சிவந்து கிடந்தது. "சார், இதுக்காக உங்க பாடமே போகுதாமே சார். எங்களுக்காகவா சார்?"

"உண்மைக்காக அம்மா," என்றேன். "மரத்தைப் பார்த்தாய் அல்லவா?"

அவள் என்னையே கொஞ்ச நேரம் பார்த்தாள். "பாத்தேன் சார்," என்றாள். "நல்லாப் பாத்தேன்."

உத்தரவு அன்று மாலையே வந்துவிட்டது. பாடம் நீக்கம். ஜூனிலிருந்து பாபர். எனக்கு வருத்தமா என்று கேட்டால், இல்லை. ஒரே ஒரு தாவரவியல் பிழைக்காக அறுபத்தொரு பேரும் இரண்டு துறைத்தலைவர்களும் சேர்ந்து தேம்பி அழுத வகுப்பு வேறு எந்தக் கல்லூரியிலாவது நடந்திருக்கிறதா, சொல்லுங்கள்?

நானும் இரண்டு சொட்டு விட்டேன் சார், ஒத்துக்கொள்கிறேன். தொண்ணூற்றேழாவது துண்டில், அறுபத்து நாலாம் விநாடி, அவள் அவன் கையிலிருந்து நழுவுகிற இடம். மரத்துக்காகத்தான்.